தாய் தரும் சீதனம்!

நீலமலைத் தேயிலைத் தோட்டம் எங்கே? கடலிலே மீன் பிடித்துத் தின்னும் பறவை எங்கே? இரண்டுக்கும் உறவு ஏது என்று கேட்கத் தோன்றும். உண்டு, தோழர்களே, உறவு உண்டு! நஞ்சு கட்டி வைத்த உறவு அது.

குன்னூரிலே பெய்கிற மழை பவானிக்கு இறங்குகிறது. பவானி காவிரியிலே கலக்கிறது. காவிரி பூம்புகாரிலே கடலைத் தொடுகிறது. செடிமீது தெளித்த மருந்துக்கும் அதுதான் பாதை. போதாதென்று, ஆவியாகிக் காற்றேறிச் சென்று, குளிர்நாடுகளிலே இறங்கிப் படிகிற வித்தையும் அதற்குத் தெரியும்.

டி.டி.டி., பி.எச்.சி. போன்றவை எளிதில் மடியாத நஞ்சுகள். நீரிலே கரைந்து ஓடிவிடமாட்டா, கொழுப்பிலே குடியேறிவிடும். கடலின் நுண்ணுயிரிலே அணுவளவு. அதைத் தின்னும் சிறு மீனிலே அதைவிட அதிகம். பெரிய மீனிலே இன்னும் அதிகம். அந்த மீனையே உணவாகக் கொண்ட பறவையிலே மூட்டை மூட்டையாக! கந்துவட்டிக் கணக்குத்தான் இது. ஒரே ஒரு வேறுபாடு: இங்கே வட்டி கட்டுவது கடன் வாங்காத ஜீவன்!

பறவை அந்த நஞ்சை வெளியேற்றாதா? வெளியேற்றும், கொஞ்சம் கொஞ்சமாக. எச்சத்திலே கொஞ்சம், உதிரும் இறகிலே கொஞ்சம், இறகு கோதும்போது அலகால் எடுத்துப் பூசும் வாலடி எண்ணெயிலே கொஞ்சம். அந்த எச்சமும் சும்மா போவதில்லை. கனடாவின் வடகோடியிலே டெவன் தீவு. மருந்தடிக்க அங்கே வயலும் இல்லை, தோட்டமும் இல்லை. ஆனால் கடற்பறவைகள் கூடு கட்டும் பாறைகளின் அடியிலுள்ள குட்டைகளிலே, மற்ற குட்டைகளைவிட 60 மடங்கு டி.டி.டி. இருப்பதை 2005-இல் அறிஞர்கள் எடுத்துக் காட்டினர்.

பெண் பறவைக்கு இன்னொரு வழியும் உண்டு. அது முட்டை! மஞ்சள் கருவின் கொழுப்போடு நஞ்சும் இறங்குகிறது. பிறக்கப்போகும் குஞ்சுக்குத் தாய் தரும் சீதனம் அதுதான்!

விளைவு என்ன? டி.டி.டி. உடலிலே உருமாறி, முட்டை ஓட்டிலே சுண்ணாம்புச் சத்து சேரவிடாமல் தடுக்கிறது. ஓடு மெலிகிறது; அடைகாக்கும் தாயின் எடையாலேயே நொறுங்குகிறது. கலிபோர்னியாவின் அனகாப்பா தீவிலே, 1970-இல், கூழைக்கடாக்கள் 552 கூடுகள் கட்டின. தேறிய குஞ்சு ஒன்றே ஒன்று! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து டி.டி.டி. ஆலையின் கழிவு, சாக்கடை வழியே கடலுக்குப் போய்ச் செய்த வேலை அது.

அமெரிக்காவின் கதைதானே என்று இருந்துவிட முடியுமா? தென்னிந்தியப் பறவைகளை ஆராய்ந்த ஜப்பானிய, தமிழ்நாட்டு அறிஞர்கள் 1998-இல் வெளியிட்ட முடிவு என்ன? இங்கேயே வாழும் பறவைகளின் உடலிலே மேலோங்கி நின்றது, நம் வயல்களிலே தூவிய பி.எச்.சி.! தாய்ப்பாலிலும் இந்த நஞ்சுகள் இந்தியாவிலே கண்டறியப்பட்டிருக்கின்றன. அதற்காகப் பாலை நிறுத்தாதீர், தாய்மாரே! நிறுத்தவேண்டியது நஞ்சை!

சர்க்கார் சும்மா இருந்தது என்று சொல்லமாட்டோம். டி.டி.டி.யை வேளாண்மையிலே பயன்படுத்த 1989-இல் தடை விதித்தது. கொசு ஒழிப்புக்கு மட்டும் விட்டுவைத்தது. பி.எச்.சி.க்கு 1997-இல் தடை. ஆனால் தேயிலையைத் தாக்கும் செஞ்சிலந்திக்கு அடித்த டைகோபால்? டி.டி.டி.யிலிருந்தே வடித்தெடுத்த பிள்ளை அது! அதற்குத் தடை வந்தது 2023-இல்தான். தாயைத் தடுத்து முப்பத்துநான்கு ஆண்டு கழித்துப் பிள்ளையைத் தடுத்தார்கள்!

ஐரோப்பிய நாடுகள் தேயிலையிலே எவ்வளவு மருந்து எச்சம் இருக்கலாம் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. வரம்பு மீறினால் சரக்கு திரும்பிவிடும். ஆகவே இலையைச் சோதிக்கிறார்கள். நல்லது, சோதிக்கட்டும்! நாம் கேட்கிறோம்: குடிப்பவனுக்காக இலையைச் சோதிக்கும் உலகிலே, முதுகிலே தெளிப்பானைச் சுமந்து சரிவிலே ஏறி இறங்குகிற தொழிலாளியின் இரத்தத்தைச் சோதிப்பது யார்? கையுறை, முகமூடி, வேலை முடிந்ததும் கழுவிக்கொள்ளத் தண்ணீரும் சோப்பும், ஆண்டுக்கொரு மருத்துவச் சோதனை—இவை தருமம் அல்ல. கூலியைப் போல உரிமை!

தடுத்தால் பயன் உண்டா என்று ஐயுறுவோருக்கு அனகாப்பாவே சாட்சி. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. கூழைக்கடாக்கள் பெருகின, 2009-இல் அழிந்துவரும் இனங்களின் பட்டியலிலிருந்தே அவற்றின் பெயரை நீக்கினார்கள்.

பறவைக்கு நஞ்சை இறக்கிவைக்க முட்டைதான் கிடைத்தது. அதற்கு வாய் இல்லை, வாக்கு இல்லை, சங்கம் இல்லை. நமக்கு மூன்றும் இருக்கின்றன. நம் குழந்தைக்குத் தரும் சீதனம் நஞ்சாக இருக்கலாகாது!