காரணத்தை அவளிடம் சொல்லுங்கள்

ரிஷிவந்தியம் பக்கம் மஞ்சள் நீராட்டு என்றால் தெருவே கூடிவிடும். ஒலிபெருக்கியில் பாட்டு, வரிசையாகத் தாய்மாமன் சீர்த்தட்டுகள். தட்டு ஏந்தி வருபவர்களில் ஒருத்தி ஒன்பதாம் வகுப்பு. பார்த்தால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி இருப்பாள். "உனக்கு எப்போடி?" என்று யாராவது கேட்பார்கள். சிரித்து வைப்பாள். அடுத்த சடங்குக்கு வரமாட்டாள்.

அவளுக்கு டர்னர் குறைபாடு இருக்கலாம். பெண்ணுக்கு உரிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று, கருவிலேயே முழுதாகவோ பகுதியாகவோ இல்லாமல் போவது இது. ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. தாய் மேல் தப்பில்லை. சொந்தத்தில் கட்டியதாலும் வருவதில்லை. உயரம் குறையும், சினைப்பை பெரும்பாலும் வேலை செய்யாது. மற்றபடி அவள் முழுப் பெண். பெரும்பாலோருக்கு அறிவில் குறையே இருக்காது.

ஊர் அவளுக்கு வைத்திருக்கும் சொல் 'இருசி', அதாவது பூப்படையாதவள். அதற்குப் பயந்து வீட்டார் எல்லாவற்றையும் மறைக்கிறார்கள். வளர்ச்சி ஊசியைக்கூட 'சத்து ஊசி' என்று சொல்லிப் போடுகிறார்கள். வாயில் சொல்ல முடியாத ஏதோ ஒன்று தன்னிடம் இருப்பதாக அவள் எண்ணிக்கொள்கிறாள். குரோமோசோமைவிட இந்த மறைப்புதான் பிள்ளையை அதிகம் உடைக்கிறது என்பேன். ஏழு வயதில் ஏன் குள்ளம் என்று சொல்லுங்கள். பதினொரு வயதில், பருவமடைய உதவும் ஹார்மோன் மாத்திரை எதற்கென்று சொல்லுங்கள். குழந்தைப்பேறு பற்றிய உண்மை, கல்யாணப் பேச்சுக்கு வெகுமுன்பே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வயதுப் பெண்ணைப் 'பாப்பா' என்று கூப்பிடாதீர்கள். மனம் தளர்ந்தால் 14416 டெலிமானஸ் எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

13 வயதில் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லையா, 15 வயதிலும் மாதவிலக்கு வரவில்லையா, "எங்க அம்மாவுக்கும் லேட்டுதான்" என்று காத்திருக்க வேண்டாம். சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி, குரோமோசோம் ரத்தப் பரிசோதனைக்கு வழி கேளுங்கள். இதயம், சிறுநீரகம், காது மூன்றையும் பார்த்தாக வேண்டும். இதயக் கோளாறு உயிருக்கே ஆபத்தாகலாம். வளர்ச்சி ஹார்மோன் எலும்பு முதிர்வதற்குள் கொடுத்தால்தான் பயன்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இத்தகைய மரபணுக் காரணத்தால் வளர்ந்த பின்னும் 147 செ.மீ. அல்லது அதற்குக் குறைவான உயரமே இருந்தால், அது குள்ளத்தன்மை என்னும் மாற்றுத்திறனாக ஏற்கப்படும், சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளை இல்லை என்று புகுந்த வீட்டில் ஏசுவதை, 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பெயர் சொல்லியே வன்முறை என்கிறது. 181-ஐ அழைக்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்க அரசு மருத்துவக் குழு பள்ளிக்கே வருகிறது. வெள்ளிமலையானாலும் ரிஷிவந்தியமானாலும், இறைவணக்க வரிசையில் மூன்று வருடமாக முதல் ஆளாகவே நிற்கும் பெண்ணை அவர்களிடம் தனியாக அழைத்துப் போய்க் காட்டுங்கள்.