மொங்கோலிய மேய்ப்பரின் மாரி ஆயத்தம்

மொங்கோலியாவிற் கடுமாரியின்போது கால்நடைகள் குளிரினும் பசியினாலேயே பெரிதும் மடிகின்றன. ஆழ்ந்த பனியோ, உருகி மீண்டும் உறைந்த பனிக்கட்டியோ புல்லை மூடிவிட, அவை மேய இயலாதனவாகின்றன. இக்கேட்டினை அந்நாட்டார் 'சுட்' என்பர். 2009–2010 மாரியில் இதனால் 80 இலட்சத்துக்கு மேற்பட்டவை மாண்டன.

ஆதலின், மாரிக்குரிய ஆயத்தம் கோடையிலேயே தொடங்கும். மேய்ப்பர் மந்தைகளை நல்ல புற்றரைகளுக்கு ஓட்டிக் கொழுக்கச் செய்வர். அக்கொழுப்பே மாரியில் உயிர்காக்கும் சேமிப்பாகும். புல்லை அரிந்து உலர்த்தி வைப்பர். காற்றுக்கு மறைவான சரிவுகளில் தொழுவங்களைச் செப்பனிட்டு, உலர்ந்த சாணத்தைத் தரையிற் பரப்புவர். நலிந்தவற்றை முன்னரே விற்பர்.

கோடை மழை பொய்த்தாற் புல்லும் கொழுப்பும் குறையும். பின்வரும் மாரியுங் கடுமையாயின் மந்தை அழியும். அவ்வாறு மந்தையிழந்த குடும்பங்கள் பல உலான்பாத்தரின் புறநகரிற் குடியேறியுள்ளன. பனி விழுந்தபின் செய்யத்தக்கது சிறிதே.