வழுக்கைக்கு மருந்தாகுமா தட்டணுக்கள்?

ஆண்களுக்கு நெற்றியின் இரு ஓரங்களும் உச்சியும் வெறுமையாவதாகவும், பெண்களுக்கு வகிடு அகன்றுகொண்டே போவதாகவும் வெளிப்படும் மரபுவழி முடியுதிர்வு, மயிர்க்கால்கள் படிப்படியாகச் சிறுத்துப்போவதில் தொடங்குகிறது. ஆண்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் இயக்குநீரை 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்னும் நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. பிறவியிலேயே இதற்கு எளிதில் ஆட்படும் மயிர்க்கால்களில், இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை நீடிக்க வேண்டிய வளர்ச்சிப் பருவம் குறுகிவிடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் முடி முன்னிலும் மெலிந்தும் குட்டையாகவும் முளைத்து, முடிவில் பூனைமுடியாகத் தேய்ந்துவிடுகிறது.

இவ்வாறு சோர்ந்த மயிர்க்கால்களை நோயாளியின் சொந்த இரத்தத்தைக் கொண்டே ஊக்குவிக்கலாம் என்னும் கருத்திலிருந்து பிறந்ததுதான், தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மாவைத் தலைத்தோலில் செலுத்தும் பி.ஆர்.பி. சிகிச்சை. டெங்குக் காய்ச்சலின்போது எண்ணிக்கை குறைவதால் பலருக்கும் பெயரளவில் அறிமுகமான தட்டணுக்கள், ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். இரத்தம் உறைவதில் அவற்றுக்குள்ள பங்கை இத்தாலிய மருத்துவர் ஜூலியோ பிட்சோட்செரோ 1882ஆம் ஆண்டில் விளக்கினார். காயத்தை அடைப்பதோடு நில்லாமல், தமக்குள் இருக்கும் நுண்துகள்களிலிருந்து வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்களையும் அவை வெளியிடுகின்றன. இவை புதிய இரத்த நுண்குழாய்கள் உருவாகவும் செல்கள் பெருகவும் தூண்டுகின்றன. தாடை எலும்பு ஒட்டுச் சிகிச்சையில் இப்பிளாஸ்மாவைப் பயன்படுத்திய ராபர்ட் மார்க்ஸ் குழுவினரின் 1998ஆம் ஆண்டு ஆய்வுக்குப் பின்னரே இம்முறை மற்ற மருத்துவத் துறைகளுக்கும் பரவலாயிற்று.

சிகிச்சையின்போது கையிலிருந்து எடுக்கப்படும் இரத்தம், உறையாமலிருக்க சிட்ரேட் கலந்த குழாயில் சேர்க்கப்பட்டு, சென்ட்ரிஃபியூஜ் எனப்படும் சுழல் இயந்திரத்தில் இடப்படுகிறது. சுழற்சி நின்றதும் சிவப்பணுக்கள் அடியிலும், வெளிர்மஞ்சள் பிளாஸ்மா மேலேயும், இரண்டுக்கும் நடுவே வெள்ளையணுக்கள் கொண்ட மெல்லிய வெண்படலமும் தனித்தனியே தெரியும். பல மருத்துவமனைகளில் பிளாஸ்மாவை மட்டும் பிரித்து மீண்டும் சுழற்றி, தட்டணுக்கள் மிகுந்த அடிப்பகுதியைச் சேகரித்து, நுண்ணிய ஊசியால் தலைத்தோலில் சிறு சிறு இடைவெளியில் செலுத்துகின்றனர். மாதத்துக்கு ஒரு முறையென மூன்று அமர்வுகளும், பின்னர் சில மாதங்களுக்கு ஒரு முறை பராமரிப்பு அமர்வும் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுகின்றன.

இத்தாலியில் பியேத்ரோ ஜென்டிலே குழுவினர் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 20 ஆண்களின் தலையில் ஒரு பாதிக்குப் பிளாஸ்மாவும் மறுபாதிக்கு மருந்தற்ற ஊசியும் செலுத்தப்பட்டன. மூன்று அமர்வுகள் முடிந்து மூன்று மாதங்களுக்குப் பின் எண்ணிப் பார்த்தபோது, பிளாஸ்மா பெற்ற பகுதியில் எண்ணுவதற்குத் தேர்ந்தெடுத்த சிறு இடத்தில் முடிகள் சராசரியாக 33.6 கூடியிருந்தன, மறுபகுதியில் 3.2 குறைந்திருந்தன. எனினும் நாளடைவில் நால்வருக்கு முடியுதிர்வு மீண்டும் தலைகாட்டியது. 2016ஆம் ஆண்டில் வெளியான, 26 பெண்களிடம் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

முடிவுகள் இவ்வாறு மாறுபடுவதற்கு ஆய்வுகள் சிறியனவாக இருப்பதோடு, தயாரிப்பு முறைக்குப் பொதுவான வரையறை இல்லாததும் முக்கியக் காரணமாகும். சுழற்றும் வேகம், நேரம், தட்டணுக்களின் செறிவு, வெள்ளையணுக்களை நீக்குவதா வைத்திருப்பதா என்பன இடத்துக்கு இடம் வேறுபடுவதால், ஒரே பெயரில் வெவ்வேறு மருந்துகள் செலுத்தப்படுவதாகவே கொள்ள வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இப்பிளாஸ்மாவைத் தயாரிக்கும் சில கருவிகளுக்கு அனுமதி அளித்திருந்தாலும், முடியுதிர்வுச் சிகிச்சை என்ற வகையில் பி.ஆர்.பி.க்கு ஒப்புதல் தரவில்லை.

இச்சிகிச்சை இயக்குநீரின் தாக்கத்தைத் தடுப்பதில்லை. மயிர்க்கால்கள் முற்றிலும் மறைந்து பளபளக்கும் வழுக்கையில் முடி முளைக்கச் செய்வதும் இல்லை. முடி மெலியத் தொடங்கிய நிலையில், மினாக்சிடில், ஃபினாஸ்டரைடு போன்ற மருந்துகளுக்குத் துணையாக அமையும்போது இதற்கு ஓரளவு பயன் இருக்கலாம். சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை அரிது என்றாலும், தூய்மை தவறினால் ஆபத்து பெரிது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் அழகு நிலையம் ஒன்றில் 2018ஆம் ஆண்டில் இதே பிளாஸ்மாவைக் கொண்டு செய்த முக அழகுச் சிகிச்சையோடு தொடர்புடைய எச்.ஐ.வி. தொற்றுகள் கண்டறியப்பட்டன. எனவே விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், முடி கொட்டுவதற்கான காரணத்தைத் தோல் மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, பிளாஸ்மா எவ்வாறு தயாரிக்கப்படுகிறது, ஊசிகள் புதியவையா என்று கேட்டறிந்த பின்னரே தலையைக் கொடுக்க வேண்டும்.