இருமுறை மூடினால் என்ன ஆகும்?

கண்டி தலதா மாளிகைக்குப் போனவர்களுக்குத் தெரியும்: வாசலில் செருப்பைக் கொடுத்தால் இலக்கமிட்ட துண்டொன்று தருவார்கள். திரும்ப வந்து செருப்பை வாங்கிக்கொண்டதும் அதே இலக்கம் அடுத்தவர் கைக்குப் போய்விடும். லினக்ஸில் ஒரு நிரல் கோப்பைத் திறக்கும்போதும் நடப்பது இதுதான். 'ஓப்பன்' என்று கேட்டால், லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஓர் எண்ணைக் கொடுக்கும். 0, 1, 2 வழக்கமாக முன்பே போயிருக்கும் என்பதால் பெரும்பாலும் 3 கிடைக்கும். வேலை முடிந்ததும் 'குளோஸ்' சொல்லி எண்ணை ஒப்படைக்க வேண்டும். நிரல் இப்படிக் கர்னலிடம் கேட்கும் உதவிகளே சிஸ்டம் கால்கள்.

இவற்றுக்குக் கையேட்டுப் பக்கங்கள் உண்டு. குளோஸின் பக்கத்தில், நடுவே சிக்னல் குறுக்கிட்டால் 'ஈ-இன்டர்' என்ற பிழை வரும் என்று நெடுங்காலம் ஒற்றை வரிதான் இருந்தது. அது பொய்யல்ல. ஆனால் பிழை வந்தபின் எண் நம்மிடம் இருக்கிறதா, போய்விட்டதா? அந்த வரியில் பதில் இல்லை. 'ரீட்', 'ரைட்' இரண்டிலும் இந்தப் பிழை வந்தால் மறுபடி அழைப்பது வழக்கம். குளோஸையும் அதே பழக்கத்தில் சுழலுக்குள் போட்டவர்கள் உண்டு.

லினக்ஸ் கர்னலோ எண்ணை முதலிலேயே விடுவித்துவிடுகிறது. பிழையைச் சொல்வது அதற்குப் பிறகுதான். அந்த இடைவெளியில் நிரலின் இன்னொரு திரெட் (உடன் ஓடும் இழை) வேறொரு கோப்பைத் திறந்து அதே எண்ணை வாங்கியிருக்கலாம். இரண்டாவது குளோஸ் அந்தக் கோப்பை மூடிவிடும். எழுதவிருந்த தரவு காணாமல் போகலாம், காரணம் மட்டும் அகப்படாது. எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் இத்தகைய பிழையைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை.

இப்போதைய பக்கம், மறுபடி அழைப்பது தவறு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. எச்பி-யூஎக்ஸ் என்ற இயங்குதளம் வேறு விதமாக நடப்பதையும் குறிப்பிடுகிறது. கர்னலையே மாற்றியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் மிகக் கண்டிப்பானவர். அதற்காக எப்போதும் கையேடுதான் வளைந்துகொடுக்கும் என்றில்லை. ஒரே கோப்பில் இரு திரெட்கள் ஒரே நேரத்தில் எழுதினால் ஒன்றின்மேல் ஒன்று விழும் கோளாறை, கையேட்டுப் பக்கங்களை 2004 முதல் பராமரித்துவந்த மைக்கேல் கெரிஸ்க் சுட்டிக்காட்டியபோது, 2014இல் வந்த 3.14 பதிப்பில் கர்னலே திருத்தப்பட்டது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கம் சொல்வதும், சிஸ்டம் கால்களைப் பின்தொடரும் 'எஸ்-டிரேஸ்' கருவி காட்டுவதும் ஒத்துப்போகாவிட்டால் பேசாமல் இருந்துவிடாதீர்கள். சின்னதாக ஒரு சி நிரல் எழுதி உறுதிசெய்து, கர்னல் பதிப்பைக் குறித்து, திருத்தத்தைப் பராமரிப்பாளருக்கு அனுப்புங்கள். ஒற்றை வரித் திருத்தமானாலும் அனுப்பலாம்.