பள்ளி ஆண்டுகளும் பெற்ற கல்வியும்

கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஊதியம் எத்தனை விழுக்காடு உயரும் என்று கணக்கிடும் ஜேக்கப் மின்சரின் சமன்பாட்டை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆண்டுகளை எண்ணுவது எளிது; அதுவே அதன் கவர்ச்சி. ஆனால், எட்டாண்டு படித்த இருவரில் ஒருவர் கடிதத்தைப் படித்துப் பொருள் சொல்வார். மற்றவர் எழுத்துக்கூட்டித் திணறுவார். சமன்பாட்டில் இருவரும் ஒன்றே.

இக்குறையை நேரடியாகச் சோதித்த ஆய்வு கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்தது. கென்யாவும் தான்சானியாவும் அண்டை நாடுகள். கென்யாவில் அரசுப் பள்ளிகள் போதாத இடங்களில் மக்களே நிதி திரட்டி 'ஹராம்பே' உயர்நிலைப் பள்ளிகளை எழுப்பினர். தான்சானியாவில் அதிபர் ஜூலியஸ் நைரேரேயின் அரசு தொடக்கக் கல்விக்கு முன்னுரிமை தந்து, உயர்நிலைப் பள்ளி இடங்களை மட்டுப்படுத்தியது.

ஜான் நைட், ரிச்சர்ட் சாபட் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 1980-இல் நைரோபியிலும் தாருஸ்ஸலாமிலும் ஊதியம் பெறும் தொழிலாளர்களுக்கு இருவகைத் தேர்வுகள் வைத்தனர். வடிவப் புதிர்கள் பொதுவான சிந்தனைத் திறனை அளந்தன. மற்றது எழுத்தறிவையும் எண்ணறிவையும். 1985-இல் வெளியான முடிவின்படி, ஊதியத்தோடு வலுவாக இணைந்திருந்தது எழுத்தறிவு, எண்ணறிவு மதிப்பெண்ணே. புதிர்த் தேர்வு மதிப்பெண்ணின் நேரடிப் பங்கு சிறிதே. கற்ற திறனைக் கணக்கில் சேர்த்ததும் படித்த ஆண்டுகளின் பங்கு சுருங்கிவிட்டது.

எழுத்தர் பணியில் இது எதிர்பார்க்கக்கூடியதே. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கும் ஏறத்தாழ அவ்வாறே இருந்ததுதான் என்னை வியக்கவைத்தது. யோசித்தால், அளவு பார்த்து இரும்பை வெட்டுபவருக்கும் கணக்கு வேண்டும்தானே! ஆனால், ஏழை நாடுகளில் பெரும்பாலோர் வயலிலும் சுயதொழிலிலும் உழைப்பவர்கள். நகர ஊதியத்தை மட்டும் பார்க்கும் இந்த ஆய்வு அவர்களைப் பற்றிப் பேசவில்லை.

கென்யா 2003-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் புதிதாகச் சேர்ந்தனர். வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. சேர்க்கை எண்ணிக்கை அவ்வாண்டே தெரிந்துவிடும். கற்பித்தலின் தரமோ பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சம்பளத்தில்தான் தெரியும். அதற்குள் அமைச்சர் மாறியிருப்பார். ஆட்டை விற்றுச் சீருடை வாங்கிய தந்தைக்கோ, செலவு வீணானதா என்று அறிய வழியே இல்லை.

அந்த வழியை அமைக்க முயன்றது, இந்தியாவின் 'அசர்' கணக்கெடுப்பை முன்மாதிரியாகக் கொண்ட 'உவேசோ'. கென்யா, தான்சானியா, உகாண்டா நாடுகளில் தன்னார்வலர்கள் வீடுவீடாகச் சென்று குழந்தைகளிடம் ஒரு சிறு பத்தியையும் சில கணக்குகளையும் கொடுத்துப் பார்த்தனர். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இரண்டாம் வகுப்புப் பாடமே வரவில்லை என்பது, அவர்கள் முதல் சம்பளம் வாங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெற்றோருக்குத் தெரிந்துவிட்டது.