தேய்ந்தது எது? எங்கள் வீட்டுச் சலவை இயந்திரத்தைத் திருத்திய அனுபவம்

வாப்பா வபாத்தாகி ஐந்தாவது வாரம் எங்கள் வீட்டு வொஷிங் மெசின் நின்றுபோனது. உம்மா இத்தாவில் இருந்தார். உம்மும்மா பாரிசவாதம் வந்து படுக்கையில் இருப்பவர். அவருடைய விரிப்பையும் உடுப்பையும் ஒரு நாளில் இரண்டு தடவையாவது மாற்றியாக வேண்டும். நானும் உம்மாவும் கிணற்றடியில் கையால் துவைத்தோம். நான்காம் நாள் உம்மாவின் விரல் இடுக்குகள் வெடித்து, சவர்க்காரம் பட்டாலே எரியத் தொடங்கிவிட்டது.

மாமா ஒரு திருத்துநரை அழைத்து வந்தார். உம்மா அறைக்குள் இருந்துகொண்டார். வந்தவர் சுவிட்சைப் போட்டார். "உம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது, எதுவும் சுற்றவில்லை. "மோட்டர் எரிஞ்சிட்டு. அத மாத்துற காசுக்குக் கொஞ்சம் போட்டுப் புதுசு ஒண்டு எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்பக்க மூடியை அவர் கழற்றவே இல்லை.

புதிது வாங்கும் நிலையில் நாங்கள் இருக்கவில்லை. அதோடு எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. மோட்டர் எரிந்தால் கருகிய மணம் வர வேண்டும், அப்படி ஒரு மணமும் இல்லை. நான் உயர்தரத்தில் பௌதிக விஞ்ஞானப் பிரிவில் படிக்கிறேன். வாப்பாவின் ஆயுதப் பெட்டியும் பல்மானியும் அலுமாரியின் மேல் அப்படியே இருந்தன. "நான் ஒருக்கா பாக்கட்டா உம்மா?" என்று கேட்டேன். உம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மாமா பக்கத்துல இருந்தா மட்டும் பாரு மகள்" என்றார்.

எங்கள் வீட்டைப் போலவே உங்களில் பலருடைய வீடுகளிலும் இரட்டைத் தொட்டி இயந்திரம் இருக்கும். அதனால் நான் செய்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

உள்ளே இருப்பது என்ன?

இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் இரண்டு மோட்டர்கள் உண்டு. ஒன்று துவைக்கும் தொட்டிக்கு, மற்றது பிழிந்து உலர்த்தும் தொட்டிக்கு. துவைக்கும் மோட்டரில் ஒரு சிறிய கப்பி இருக்கும். அதிலிருந்து ஒரு றப்பர் பெல்ட், தொட்டியின் அடியிலுள்ள பெரிய கப்பிக்குப் போகும். சிறிய கப்பி பெரிய கப்பியைச் சுற்றுவதால் வேகம் குறையும், திருப்பும் ஆற்றல் கூடும். தொட்டிக்குள் நாம் காணும் சுழல் தட்டு அந்தப் பெரிய கப்பியோடு சேர்ந்தது. உலர்த்தும் தொட்டிக்குப் பெல்ட் இல்லை. அதன் மோட்டர் நேராகவே தொட்டியின் தண்டோடு பூட்டப்பட்டிருக்கும்.

இரண்டு மோட்டர்களுக்கும் கொள்ளளவி தேவை. கடையில் இதைக் கெப்பசிட்டர் என்று கேட்டால்தான் தருவார்கள். எங்கள் இயந்திரத்தில் ஒரே உறைக்குள் இரண்டு கொள்ளளவிகள் இருந்தன. துவைக்கும் மோட்டருக்கு 10 மைக்ரோபரட், உலர்த்தும் மோட்டருக்கு 5 மைக்ரோபரட்.

கொள்ளளவி ஏன் வேண்டும்? வீட்டுக்கு வருவது 230 வோல்ட் ஆடலோட்டம். அது ஒரே சுருளில் பாயும்போது காந்தப்புலம் ஒரே கோட்டில் இப்படியும் அப்படியுமாக மாறுமே தவிரச் சுழலாது. சைக்கிளின் மிதிகள் நேர் மேலும் நேர் கீழுமாக நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சில்லு நகராது அல்லவா? அதுபோலத்தான். வேறொரு திசையிலிருந்து, சற்று வேறான நேரத்தில் இன்னொரு தள்ளல் வேண்டும். அதற்காகவே மோட்டரில் இரண்டாவது சுருள் இருக்கிறது. அதற்குப் போகும் மின்னோட்டத்தைக் கொள்ளளவி அவத்தையில் முன்னே தள்ளிவிடும். இரண்டு சுருள்களும் மாறி மாறி இழுக்க, காந்தப்புலம் சுழலத் தொடங்கும். துவைக்கும் மோட்டரில் இரண்டு சுருள்களும் ஒரே மாதிரியானவை. கொள்ளளவியை இந்தச் சுருளுக்கும் அந்தச் சுருளுக்கும் மாற்றிக் கொடுத்துத்தான் நேரக் கட்டுப்பாட்டுக் குமிழ் தட்டை வலமும் இடமுமாகச் சுற்றவைக்கிறது.

கொள்ளளவி பலவீனமானால் மோட்டர் உறுமும், சுற்றாது. எங்கள் வீட்டில் கேட்டதும் உறுமல்தான்.

கை வைக்கும் முன்

முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. மாமா மின்சாரத்துக்குப் பயந்தவர். "பிளக் என்ட கையில இரிக்கட்டும்" என்று வேலை முடியும்வரை அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். நான் சிரித்தேன். ஆனால் அதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்தது, தண்ணீர் முழுவதையும் வடித்து, நிலத்தையும் கையையும் உலர்த்த வேண்டும்.

மூன்றாவது விடயம் பலருக்கும் தெரியாது. பிளக்கைக் கழற்றிய பின்னும் கொள்ளளவிக்குள் ஏற்றம் தங்கியிருக்கலாம். 230 வோல்ட் ஆடலோட்டத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட். அந்த அழுத்தத்தில் 10 மைக்ரோபரட் கொள்ளளவியில் சுமார் அரை யூல் சக்தி இருக்கும். அது கையைத் தூக்கி எறியப் போதும். ஆகவே 10 கிலோஓம் தடையி ஒன்றை றப்பர் பிடியுள்ள குறட்டால் பிடித்து, கொள்ளளவியின் முனைகளுக்குக் குறுக்கே சில விநாடிகள் வைத்தேன். நேர மாறிலி 0.1 விநாடிதான் என்பதால் ஏற்றம் விரைவாக இறங்கிவிடும். பின்னர் பல்மானியால் அளந்து பூச்சியம் என்று கண்ட பிறகே தொட்டேன்.

ஒரு வயரையேனும் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறங்கள் ஞாபகம் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

மூன்று சோதனைகள்

பின்பக்க மூடியில் எட்டு ஸ்க்ரூக்கள் இருந்தன. கழற்றிய ஒழுங்கிலேயே அவற்றை ஒரு தட்டில் வைத்தேன்.

முதலாவது, கையால் சுற்றிப் பார்ப்பது. சுழல் தட்டையும் கப்பிகளையும் கையால் திருப்பினேன். இலகுவாகச் சுற்றின. எங்காவது இறுகியிருந்தால் தண்டையோ தாங்கியையோ சந்தேகிக்க வேண்டியிருந்திருக்கும்.

இரண்டாவது, மோட்டரின் சுருள்கள். மோட்டரிலிருந்து மூன்று வயர்கள் வந்தன. ஒன்று பொதுவானது. பொது வயருக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே தடையை அளந்தபோது இரண்டு பக்கமும் 31 ஓம் காட்டியது. பொது வயரை விட்டு மற்ற இரண்டுக்கும் இடையே 62 ஓம். கணக்கு சரியாகப் பொருந்தியது. வயருக்கும் மோட்டரின் இரும்பு உடலுக்கும் இடையே தொடர்பே இல்லை. அப்படியென்றால் சுருள்கள் அறவும் இல்லை, உடலில் முட்டவும் இல்லை. "மோட்டர் எரியல்ல மாமா!" என்று கத்திவிட்டேன். அறைக்குள் இருந்து உம்மா "என்ன, என்ன?" என்று கேட்டார்.

மூன்றாவது, கொள்ளளவி. வயர்களைக் கழற்றி, பல்மானியைக் கொள்ளளவம் அளக்கும் இடத்தில் வைத்தேன். 5 மைக்ரோபரட் பக்கம் 4.9 காட்டியது. எனவே மானி பொய் சொல்லவில்லை. 10 மைக்ரோபரட் பக்கம் 3.6 காட்டியது.

கொள்ளளவி தேய்வது எப்படி? இதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அதைவிட மெல்லிய உலோகப் பூச்சு இருக்கும். தாளில் எங்காவது நுண்ணிய துளை விழுந்தால், அந்த இடத்து உலோகம் ஆவியாகி, பழுதான இடம் தானாகத் தனிமைப்பட்டுவிடும். கொள்ளளவி உடனே சாகாமல் இருப்பது இதனால்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் பூச்சில் ஒரு சிறு பகுதி குறைகிறது. ஆண்டுக் கணக்கில் இப்படிக் குறைந்து குறைந்து ஒருநாள் மோட்டரைக் கிளப்பப் போதாமல் போகிறது.

வாங்கியதும் மாட்டியதும்

பழையதைக் கையோடு கொண்டு மாமாவும் நானும் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் 15 மைக்ரோபரட் ஒன்றை எடுத்துவைத்து, "பெருசு போட்டா நல்லா இழுக்கும்" என்றார். அது சரியல்ல. அளவு கூடினால் இரண்டாவது சுருளில் மின்னோட்டம் கூடி மோட்டர் சூடாகும். மைக்ரோபரட் பெறுமானம் பழையதைப் போலவே இருக்க வேண்டும். வோல்ட் பெறுமானம் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையவே கூடாது. எங்களுடையதில் 450 வோல்ட் என்று இருந்தது. அதே பெறுமானத்தைத் தேடி எடுத்துத் தந்தார்.

படத்தைப் பார்த்து வயர்களை மாட்டி, மூடியைப் பூட்டிய பிறகே மாமாவிடமிருந்து பிளக்கை வாங்கினேன். மூடி திறந்திருக்கும்போது ஒருபோதும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. குமிழைத் திருப்பினேன். தட்டு சுற்றியது! தம்பி கைதட்டினான்.

தண்ணீரும் விரிப்பும் போட்டதும் சந்தோஷம் குறைந்தது. மோட்டர் ஓடுகிறது, தட்டு தயங்கித் தயங்கிச் சுற்றுகிறது, "கிரீச்" என்று ஒரு சத்தம். மறுபடியும் பிளக், மறுபடியும் எட்டு ஸ்க்ரூ. இம்முறை பெல்ட். அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன, உட்புறம் வெடித்திருந்தது. பெல்ட் இழுப்பது உராய்வினால். பக்கம் வழுவழுப்பானால் உராய்வு குறைந்து வழுக்கும். முன்பு மோட்டரே சுற்றாததால் இந்தப் பழுது வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

பெல்ட்டில் அதன் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். எங்களுடையதில் அது அழிந்துபோயிருந்தது. என்ன செய்வது என்று யோசித்தபடி மூடியைத் திருப்பி வைத்தபோது, அதன் உட்பக்கத்தில் மார்க்கர் பேனையால் எழுதியிருந்ததைக் கண்டேன். "பெல்ட் மாற்றியது 2019" என்று எழுதி, கீழே பெல்ட்டின் இலக்கம். வாப்பாவின் எழுத்து. மூடியை அறைக்குள் கொண்டுபோய் உம்மாவிடம் காட்டினேன். உம்மா அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். அன்று அதற்குமேல் வேலை நடக்கவில்லை.

மறுநாள் அதே இலக்கப் பெல்ட்டை வாங்கினோம். மோட்டரின் பூட்டாணிகளைத் தளர்த்தி, மோட்டரைச் சற்று உள்ளே தள்ளிப் பெல்ட்டை மாட்டி, பிறகு வெளியே இழுத்து இறுக்கினேன். இரண்டு கப்பிகளுக்கும் நடுவே பெருவிரலால் அழுத்தினால் பெல்ட் சுமார் ஒரு சென்ரிமீற்றர் இறங்க வேண்டும். தளர்ந்தால் வழுக்கும், மிக இறுக்கினால் தாங்கிகள் தேயும்.

ஊசியின் வேலை

மூன்றாவது பழுது நாங்கள் பழகிப்போன ஒன்று. தொட்டியில் தண்ணீர் நிற்காமல் மெதுவாக வடிந்துகொண்டே இருக்கும். அதற்காக அடிக்கடி வாளியால் ஊற்றுவோம். மூடி திறந்திருந்ததால் அதையும் பார்த்தேன். வடிகுழாய் தொடங்கும் இடத்தில் வட்டமான ஒரு மூடி இருந்தது. அதைத் திருப்பிக் கழற்றினால் ஒரு சுருள்வில்லும், துவாரத்தை அடைக்கும் றப்பரும் வந்தன. றப்பரின் விளிம்பில் குத்திக்கொண்டு நின்றது என்னுடைய ஸ்கார்ஃப் ஊசி ஒன்று! விளிம்பு கிழிந்திருந்ததால் றப்பரையும் மாற்றினேன். தோழிகளே, துவைக்கப் போடுமுன் ஸ்கார்ஃபில் உள்ள ஊசிகளைக் கழற்றிவிடுங்கள். குற்றவாளியே சொல்கிறேன்.

எப்போது செய்யக் கூடாது?

இயந்திரத்தைத் தொட்டால் மின் அதிர்ச்சி வந்தாலோ, பிளக்கைப் போட்டதும் வீட்டின் ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ, உலர்த்தும் தொட்டியின் அடியிலிருந்து மோட்டரின் மேல் தண்ணீர் ஒழுகினாலோ நீங்களாகக் கை வைக்க வேண்டாம். தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் எதையும் திறக்கவும் வேண்டாம்.

மூன்று உறுப்புகளுக்கும் சேர்த்து நாங்கள் கொடுத்த பணம், புதிய இயந்திரத்தின் விலையில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. கொள்ளளவி, பெல்ட், றப்பர் ஆகியவை தேய்வதற்கென்றே உள்ளவை. அதனால்தான் அவை கழற்றி மாட்டக்கூடியவையாகவும் விலை குறைந்தவையாகவும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று தேய்ந்ததை முழு இயந்திரமும் போய்விட்டதாக எடுத்துக்கொள்கிறோம். வந்துபோன திருத்துநரை நான் குறை சொல்லவில்லை. உறுமலைக் கேட்டு அவர் ஊகித்தார், நான் அளந்து பார்த்தேன். வித்தியாசம் அவ்வளவுதான். அளப்பதற்கு வேண்டிய பாடத்தை நாம் எல்லோரும் வகுப்பில் படித்துத்தான் இருக்கிறோம். பரீட்சைத் தாளுக்கு வெளியே அதை எடுத்துப் பார்ப்பதில்லை.

மூடியைக் கடைசியாகப் பூட்டுமுன் வாப்பாவின் எழுத்துக்குக் கீழே, மாற்றிய உறுப்புகளின் பெறுமானங்களையும் திகதியையும் எழுதினேன். அடுத்த முறை திறப்பவருக்கு உதவும்.

அன்று அஸருக்குப் பிறகு உம்மும்மாவின் விரிப்புகள் கொடியில் காய்ந்தன. அல்ஹம்துலில்லாஹ், உம்மாவின் கைகளும் இப்போது ஆறிவிட்டன.