குறி ஒன்று, வாசல் பல: சுவிஸ் மண்ணில் இலக்குச் சுடுதலும் எமது குடும்பங்களும்

சுவிற்சர்லாந்தின் கிராமப்புறங்களில் குடியமர்ந்த எம்மவர் யாவரும் அறிந்த ஓசை ஒன்றுண்டு. கோடைகாலச் சனிக்கிழமைகளில் ஊருக்கு அப்பாலுள்ள மேட்டுப் பக்கமிருந்து எழும் துவக்குச் சூட்டொலியே அது. அது போரன்று, பொழுதுபோக்கு என்று அயலவர் எடுத்துச் சொன்ன பின்னரும் போரிலிருந்து தப்பி வந்த நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. ஆனால் இங்கு பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ அவ்வொலி மாட்டு மணியோசை போல ஊரின் இயல்பான ஓசைகளுள் ஒன்று. பாடசாலைத் தோழன் சுடுகழகத்துக்கு அழைக்கின்றான். பிள்ளை வீட்டுக்கு வந்து அனுமதி கேட்கின்றது. பெற்றோர் என்ன விடை சொல்வது?

இக்கேள்விக்கு அச்சத்தால் "வேண்டாம்" என்பதும், அறியாமையால் "போய் வா" என்பதும் சரியான விடைகள் ஆகா. இவ்விளையாட்டு எத்தகையது, எந்த வயதினர்க்கு எவ்வாறு பொருந்துவது, எமது கடவுச்சீட்டைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கின்றது என்பவற்றை அறிந்த பின்னரே விடை கூறல் தகும்.

இந்நாட்டவர் வழக்கம்

இந்நாட்டில் இலக்குச் சுடுதல் ஒரு சிலரது பொழுதுபோக்கன்று. ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் நாடெங்கும் நடைபெறும் பெல்ட்ஷீசன் எனும் சுடுவிழாவில் வழமையாக ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொள்கின்றனர். 300 மீற்றர் தொலைவிலுள்ள இலக்கை நோக்கி ஒவ்வொருவரும் 18 சன்னங்கள் சுடுவர். உச்சப் புள்ளி 72. பேரனும் பேரனாரும் அருகருகே படுத்துச் சுடுவதை அங்கே காணலாம்.

சூரிச் நகரில் செப்ரெம்பர் மாதத்தில் நடைபெறும் க்னாபன்ஷீசன், 13 முதல் 17 வயது வரையான இளையோர்க்குரியது. பெயரளவில் அது "பையன்களின் சுடுபோட்டி". எனினும் 1991ஆம் ஆண்டு தொடக்கம் பெண்பிள்ளைகளும் அதிற் பங்குபற்றுகின்றனர். ஒருவர்க்கு ஐந்து சன்னங்கள். உச்சப் புள்ளி 35. போட்டி முடிவுறும் திங்கட்கிழமை பிற்பகலில் நகரமே விடுமுறைக் கோலம் பூணும்.

அசையாதிருத்தலே ஆட்டம்

ஓடுதல், பாய்தல், மோதுதல் ஆகிய எவையும் இவ்விளையாட்டில் இல்லை. அசையாதிருக்கக் கற்பதே இதன் முழுக் கல்வி. 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியை எடுத்துக்கொள்வோம். சுடுபவர் ஐந்தரைக் கிலோகிராமுக்கு மேற்படாத துவக்கை ஏந்தி நின்றுகொண்டே சுடவேண்டும். இலக்கின் மொத்த விட்டம் 45.5 மில்லிமீற்றர். அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளிக்குரிய பொட்டின் விட்டம் அரை மில்லிமீற்றர் மட்டுமே, கடுகிலும் சிறிது. அதனை நோக்கிச் செல்லும் ஈயக்குண்டின் விட்டமோ 4.5 மில்லிமீற்றர். ஒலிம்பிக் தகுதிச்சுற்றில் இவ்வாறு 60 முறை சுடவேண்டும்.

இங்கே தசைவலிமையால் ஆவது சிறிதே. துவக்கின் சுமையைக் கைத்தசையன்றி எலும்புகளே தாங்கும்படி உடலை நிறுத்துதல், மூச்சைப் பாதி விட்டுச் சில விநாடி நிறுத்துதல், விசையை வெடுக்கென இழுக்காது சிறிது சிறிதாக அழுத்துதல், சுட்ட பின்னரும் ஒரு கணம் அசையாது நின்று குறியை நோக்குதல் ஆகியனவே பயிற்சியின் படிகள். குறி தவறிய குண்டை மறந்து அடுத்ததற்கு மனத்தைத் திருப்பும் பழக்கம் இவற்றினும் கடினமானது. துவக்கில் குண்டே இடாமல் விசையை மட்டும் அழுத்திப் பழகுவதையும் நல்ல பயிற்றுநர்கள் நீண்ட நேரம் செய்விப்பர். படபடத்த பிள்ளை பொறுமை கற்றது என்று சில பெற்றோர் சொல்வதன் காரணம் இதுவே.

வயதுக்கொரு வாசல்

பெரும்பாலான விளையாட்டுக்களில் முப்பது வயதுடன் கதவு மூடத் தொடங்குகிறது. இதில் அவ்வாறன்று. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியில் தங்கம் வென்ற தென்கொரியாவின் பான் ஹியோஜினுக்கு அப்போது வயது 16. அவர் பயிற்சி தொடங்கி மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அதே ஒலிம்பிக்கில் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி பெற்ற துருக்கியின் யூசுப் டிகெச்சுக்கு வயது 51. ஜோர்ஜியாவின் நீனோ சாலுக்வாட்சே 1988இல் சியோலில் தொடங்கிப் பாரிஸ் வரை பத்து ஒலிம்பிக்குகளில் பங்குபற்றினார். 2016இல் ரியோவில் அவரும் அவர் மகனும் ஒரே அணியிற் சென்றனர். சுவீடனின் ஒஸ்கார் ஸ்வான் 1920ஆம் ஆண்டு அன்ட்வேர்ப் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்றபோது அவருக்கு வயது 72. ஒலிம்பிக் பதக்கம் பெற்றோருள் மிக மூத்தவர் அவரே.

சிறுவர்க்கு முதற்படி காற்றுத் துவக்கு. தாங்கியொன்றின் மேல் துவக்கை வைத்துச் சுடுவதால் வளரும் முதுகெலும்புக்குச் சுமை ஏறாது. குண்டில்லாது ஒளிக்கதிரால் மட்டும் இலக்கைத் தொடும் துவக்குகளும் மிகச் சிறியோர்க்காக உண்டு. பதின்ம வயதினர் விரைந்து கற்பர், விரைந்து சலிப்பர். வாரம் ஒருநாள் ஒழுங்காகப் போவதையே அவர்களிடம் எதிர்பார்த்தல் போதும்.

நாற்பதைக் கடந்தோர்க்குத் தடையாவது கைநடுக்கமன்று, கண். கண்வில்லை விறைப்பதால் துவக்கின் முன்குறி மங்கித் தெரியும். அதற்கென மூக்குக்கண்ணாடி செய்துகொள்ளலாம். மூத்தோர்க்காகத் தாங்கியின் மேல் வைத்துச் சுடும் தனிப் போட்டிகளும் சுவிசிலும் யேர்மனியிலும் நடைபெறுகின்றன. இரத்த அழுத்தத்துக்காகப் பீற்றா தடுப்பி வகை மாத்திரை உட்கொள்வோர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். இதயத் துடிப்பைத் தணித்துக் கையை நிலைப்படுத்தும் அம்மருந்துகள் இவ்விளையாட்டின் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலில் உள்ளன. போட்டிக்குச் செல்ல எண்ணுவோர் மாத்திரையைத் தாமாக நிறுத்தாது மருத்துவரையும் கழகத்தையும் கேட்டறிக.

எல்லா வயதினர்க்கும் பொதுவான இரு எச்சரிக்கைகள்: பெருந்துவக்குச் சுடுகளத்தில் காதுக்காப்பின்றி நிற்றலாகாது, ஈயக்குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் உணவு உண்ணலாகாது.

அகதிப் பெண்ணொருத்தியின் சாதனை

இவ்விடத்தில் லூனா சொலமனை நினைவுகூர்தல் பொருந்தும். எரித்திரியாவிலிருந்து தப்பிச் சுவிசில் தஞ்சம் பெற்ற அவர், இங்கு வரும்வரை இவ்விளையாட்டை அறிந்தவரல்லர். 2012இலும் 2016இலுமாக மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற இத்தாலியரான நிக்கொலோ கம்பிரியானி, அகதிகளுக்கென லொசானில் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் அவர் சேர்ந்தார். இளந்தாயாக இருந்துகொண்டே பயின்றார். 2021இல் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் சார்பில் 10 மீற்றர் காற்றுத் துவக்குப் போட்டியிற் களமிறங்கினார்.

துவக்கின் கொடுமையை அறிந்த நாட்டிலிருந்து வந்த ஒருவர், அதே வடிவிலான கருவியை ஏந்தி நின்று மன அமைதியைத் தேடினார் என்பதே எமக்கு இதிலுள்ள செய்தி. ஆயினும் அவர் சென்ற பாதை எம்மவர் அனைவர்க்கும் அவ்வாறே திறந்திருக்கவில்லை.

கடவுச்சீட்டுக் கேட்கும் கேள்வி

சுவிசின் 2008ஆம் ஆண்டு ஆயுதக் கட்டளையின் 12ஆம் உறுப்புரை, குறிப்பிட்ட சில நாடுகளின் குடிமக்கள் ஆயுதங்களை வாங்குதல், வைத்திருத்தல் ஆகியவற்றோடு சுடுகலன்களால் சுடுதலையும் தடைசெய்கின்றது. சேர்பியா, பொஸ்னியா, கொசோவோ, வட மக்கெடோனியா, அல்பேனியா, துருக்கி, அல்ஜீரியா ஆகியவற்றுடன் இலங்கையும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. எரித்திரியா அதில் இல்லை.

ஈண்டு கவனிக்க வேண்டியது, தடை குடியுரிமையைப் பற்றியது என்பதே. கையிலிருப்பது எவ் அட்டையா, பி அட்டையா, சி அட்டையா என்பது இதனை மாற்றுவதில்லை. இருபது ஆண்டுகள் ஒழுங்காக வாழ்ந்து வரி செலுத்தியவராயினும் இலங்கைக் குடியுரிமையுடன் இருக்கும்வரை அவர் இத்தடைக்கு உட்பட்டவரே. சுடுகழகத்தார் அன்போடு அழைத்தாலும் அவ்வழைப்பு சட்ட அனுமதி ஆகாது.

விளையாட்டுப் போட்டியிற் பங்குபற்றுவோர்க்கு மாநில அதிகாரிகள் விதிவிலக்காக அனுமதி அளிக்கலாம் எனவும் சட்டம் கூறுகின்றது. எனவே பிள்ளையைச் சேர்க்குமுன், மாநிலக் காவற்றுறையின் ஆயுதப் பணியகத்தில் எழுத்துமூலம் வினவி, எழுத்துமூலமே விடை பெறுக. இரட்டைக் குடியுரிமை உடையோரும், காற்றுத் துவக்கு மட்டுமே பழக எண்ணுவோரும்கூட இவ்வாறு கேட்பதே பாதுகாப்பானது.

இன்னொன்றையும் பெற்றோர் மறக்கலாகாது. உண்மைத் துவக்குப் போலத் தோன்றும் சொஃப்ட் எயர் வகைப் பொருட்களும் இந்நாட்டில் ஆயுதச் சட்டத்தின் கீழ் வருகின்றன. விளையாட்டுப் பொருளென எண்ணி ஒரு சிறுவன் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் பொதி, சுங்கத்தில் பிடிபட்டு வழக்காக மாறலாம். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு அது பெருந்தலைவலி.

இதிலுள்ள முரணையும் சொல்லாதிருக்க இயலாது. பதினேழு வயதில் துவக்கைத் தொடுதல் ஆகாதென விலக்கப்படும் அதே இளைஞன், பதினெட்டில் சுவிஸ் குடிமகனாகிவிட்டால் படைச்சேவைக்கு அழைக்கப்படுகின்றான். அரசே அவன் கையில் துவக்கைக் கொடுக்கின்றது. மனச்சான்று இடங்கொடாதவர்க்கு அதற்கு மாற்றாகக் குடிமைச்சேவை உண்டு. எந்தப் பாதையைத் தேர்வது என்பதைக் கடிதம் வந்த பின்னரன்றி, அதற்கு முன்பே வீட்டிற் பேசித் தெளிதல் நன்று.

வீட்டுக்குள் எழும் கேள்வி

சட்டம் இடமளித்தாலும் மனம் இடமளிக்க வேண்டும். துவக்கினால் மகனையோ உடன்பிறப்பையோ இழந்த ஒரு தாய், பேரப்பிள்ளை துவக்கேந்தி நிற்கும் புகைப்படத்தைக் கண்டு மகிழ்வார் என எதிர்பார்ப்பது முறையன்று. அவரது மறுப்பு பழமைவாதமுமன்று, அறியாமையுமன்று. அவர் கண்டவற்றின் சாட்சியம் அது. பிள்ளைகள் அதனை மதித்தல் வேண்டும்.

அதேபோன்று, பிள்ளையின் ஆர்வத்தை வன்முறை நாட்டம் எனக் கருதுவதும் நீதியாகாது. அவர்கள் காண்பது காகிதத்தில் வரைந்த வட்டங்களையே. பெற்றோர் ஒருமுறை பிள்ளையுடன் காற்றுத் துவக்கு மண்டபத்துக்குச் சென்று, எதையும் தொடாது அரை மணிநேரம் அமர்ந்து பார்ப்பதே நல்ல வழி. அங்கே எழும் ஒலி கைதட்டலினும் பெரிதன்று. 300 மீற்றர் களத்தின் முழக்கம் அங்கில்லை. எவரும் கட்டளையின்றித் துவக்கைத் தூக்குவதில்லை. எவரும் அதன் வாயை இலக்கன்றி வேறெங்கும் திருப்புவதில்லை. அவ்வொழுங்கைக் கண்டபின் சிலர்க்கு மனம் இளகும். சிலர்க்கு இளகாது; அவர்களை வற்புறுத்தலாகாது. துயில் கெட்டு, பழைய நினைவுகள் மீண்டு வருந்துவோர் அவ்வொலியைத் தவிர்த்து மருத்துவ உதவி நாடுவதில் வெட்கத்துக்கு இடமில்லை.

நாம் எவரையும் சுடுகளத்துக்குப் போகும்படி தூண்டவில்லை. போகவேண்டாம் எனத் தடுக்கவும் இல்லை. அமைதியும் பொறுமையும் நாடுவோர்க்கு அம்பெய்தல், சதுரங்கம், இசை எனப் பிற வழிகளும் உள. எதைத் தெரிந்தாலும் வீட்டிலுள்ள மூன்று தலைமுறையினரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசித் தெரிவோமாக. பேசாது மறைத்துச் செய்யும் பொழுதுபோக்கு எதுவாயினும், அது குடும்பத்துக்குள் ஒரு விரிசலையே உண்டாக்கும்.